உளுவும் வண்டும்

ஜப்பானில் சிரோசுஜி காமிகிரி என்று ஒரு வண்டு இருக்கிறது. வெள்ளைக்கோட்டு நீள்கொம்பன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உயிரோடு இருக்கையில் அதன் முதுகில் வெள்ளைக் கோடு கிடையாது. இருப்பது மஞ்சள். செத்து உலர்ந்த பிறகுதான் அந்த மஞ்சள் வெளுத்து வெள்ளையாகிறது. தங்கள் மரங்களில் மஞ்சளாகத் திரியும் ஒரு ஜீவனை, அது ஊசியில் குத்தப்பட்டுப் பெட்டிக்குள் போன பின் அடைந்த நிறத்தை வைத்து ஒரு ஜனசமூகம் அழைத்துவருகிறது. பெயர்கள் எங்கே பிறக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிடக் கறாரான பதிலை நான் எந்த மொழியியல் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இந்த வண்டு சேர்ந்த பேரினத்துக்கு பட்டோசெரா என்று பெயர். ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் அதில் உண்டு. அவற்றில் இரண்டு, தென்னிந்திய மாமரங்களுக்கு நெடுநாள் உறவு: பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா, பட்டோசெரா ரூபஸ். இரண்டும் பெரிய வண்டுகள். ஆள்காட்டி விரலில் பாதி நீளம் சாதாரணம். உடம்பைவிட நீண்ட கொம்புகள், தோளில் ஒரு முள், முன்மார்பின் மேல் இரண்டு சிவந்த பிறைகள். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிவது எப்படி என்பதில் இருநூற்றைம்பது வருஷச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்க நினைக்கிறேன்.

எனக்கு இதில் சம்பந்தம் வந்தது வங்கி மேஜையில். நான் குமாஸ்தா, படித்தது பி.ஏ. ஆங்கிலம், பூச்சிகளோடு பரிச்சயம் கொசுவோடு நின்றுபோகிற ஆசாமி. விருதுநகரில் வெயிலுக்கும் வியாபாரத்துக்கும் பஞ்சமில்லை. மரத்தைப் பற்றி எங்கள் ஜில்லாவுக்குத் தெரிந்ததெல்லாம் அறுத்த மரத்தைப் பற்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய நாள்முதல், கேரளத்திலிருந்து லாரியில் வரும் மெதுமரமும் குச்சியும்தான் எங்கள் காடு. அதில் இலவும் உண்டு. இலவ மரம் பட்டோசெராவுக்கு மிகவும் உகந்தது என்பதைத் தீப்பெட்டி ஆபீஸில் யாரும் பொருட்படுத்தியிருக்கக் காரணமில்லை. உயிருள்ள மரத்தைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கிற தோப்புகள் அங்கே. பட்டுப்போன மாமரம் பற்றிய மனு ஒன்று கடன் கோப்போடு என் மேஜைக்கு வந்தபோது, 'சேதத்துக்குக் காரணமான பூச்சி' என்ற கட்டத்தில் 'தண்டுத் துளைப்பான்' என்று எழுதியிருந்தது. அது பெயரா, குற்றச்சாட்டா? திருடனின் பெயர் என்ன என்று கேட்டால் 'பூட்டு உடைப்பவன்' என்று பதில் சொல்வது போல இருந்தது.

பிற்பாடு யோசித்ததில் இதில் கேலிக்கு இடமில்லை என்று பட்டது. தமிழ் இந்த ஜீவனை அதன் காரியத்தால்தான் அறிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுயிர் என்று வைக்கிறது. சங்கப் பாட்டில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று நுட்பமான வேறுபாடுகள் வருகின்றன. அத்தனையும் பூவுக்கு வருகிறவை. கவிஞனின் கண் பூவில் இருந்தபடியால் பூவுக்கு வந்தவற்றுக்கெல்லாம் பெயர் கிடைத்தது. மரத்துக்குள் இருந்ததற்கு ஒரே சொல்தான் கிடைத்தது: உளு. மரத்தை உள்ளிருந்து அரிக்கும் புழு. அதிலிருந்து உளுத்தல், உளுத்துப்போன உத்தரம். சொல்லின் பார்வை முழுக்க மரத்தின் மீது. எந்தப் புழு, வளர்ந்தால் அது எந்த வண்டு என்ற விசாரம் அதற்கு இல்லை.

பகலில் மினுங்கிக்கொண்டு கைக்கு அகப்படுகிற வண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. பொன்வண்டு எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். காலித் தீப்பெட்டியில் வேல இலையைப் போட்டு அதை வளர்ப்பார்கள், முட்டையிடுகிறதா என்று மணிக்கொருதரம் திறந்து பார்ப்பார்கள். அதன் புழுவும் செடிகொடிகளின் வேரைத் தின்று வளர்வதுதான். அந்தப் புழுவுக்கு எந்தப் பையனும் பெயர் வைத்ததில்லை. நீள்கொம்பனோ ராத்திரிக்காரன். விளக்குக்கு வந்து விழுந்தால் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம்.

ஐரோப்பாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு மரம் கிடைக்கவில்லை, புழு கிடைக்கவில்லை. கப்பலில் வந்து சேர்ந்தது முதுகோடு மட்டுமே. லின்னேயஸ் 1758இல், இன்று விலங்குப் பெயர்களுக்கெல்லாம் தொடக்கமாக ஒப்புக்கொள்ளப்பட்ட தன் நூலின் பத்தாம் பதிப்பில், செராம்பிக்ஸ் ரூபஸ் என்று ஒன்றைப் பதிவு செய்தார். ரூபஸ் என்பது லத்தீனில் ஒரு முட்செடியின் பெயர். 1775இல் அவருடைய தேசத்தவரான டி யேர் இன்னொன்றை விவரித்து ரூஃபோமாகுலாட்டஸ் என்றார். செம்புள்ளியுடையது என்று அர்த்தம். பட்டோசெரா என்ற பேரினத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறர் ஏற்படுத்தி இரண்டையும் அதில் சேர்த்தார்கள்.

விசேஷம் என்னவென்றால், முன்மார்பில் செம்புள்ளி இரண்டுக்கும் உண்டு. பெயர் எதைச் சுட்டுகிறதோ அதைக்கொண்டு மட்டும் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முடியாது. சிறகுறையைப் பார்க்க வேண்டும். ரூபஸில் பொதுவாக ஒவ்வொரு சிறகுறையிலும் நான்கு வெண்புள்ளிகள், அவற்றில் இரண்டாவது பெரிது. ரூஃபோமாகுலாட்டாவில் புள்ளிகள் சிறிதாகவும் கூடுதலாகவும் செம்மஞ்சள் சாயலோடும் இருக்கும். ஆனால் இந்தப் புள்ளிகள் மேல்தோலின் நிறமல்ல, அதன் மீது படிந்த நுண்மயிர். தேயும், எண்ணெய் ஊறும், காலத்தில் வெளுக்கும். ஜப்பானிய வண்டின் கதைதான். ஆகவே பின்வந்தவர்கள் நிறத்தை நம்பாமல் உருவத்துக்குப் போனார்கள். சிறகுறையின் அடியில் பரவியிருக்கும் பளபளப்பான கருமணிகள் எதுவரை வருகின்றன, தோள்முள் எப்படி, சிறகுறை நுனி நேராக வெட்டுப்பட்டிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, ஆணின் கொம்பில் முட்கள் எந்தக் கணுவில். நிறத்திலிருந்து கட்டுமானத்துக்கு வந்த இந்த நகர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. நம் கவிதை விமர்சனம் இந்த நகர்வை இன்னும் முழுதாகச் செய்யவில்லை. வரியை உடைத்திருக்கிறானா, கோஷம் போடுகிறானா என்று புள்ளியை எண்ணிக் கட்சி பிரிக்கிறோம். புள்ளி வெளுத்த பிறகு யார் எந்த ஜாதி என்று அடையாளம் தெரியாமல் போகிறது.

நம் கடற்கரைக்கும் இந்தச் சரித்திரத்தில் ஓர் இடம் இருக்கிறது. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம். 1768இல் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்த யோஹன் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். செடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றில் பலவற்றுக்குப் பெயரிட்டவர் லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிஷியஸ். இவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பூச்சிகளை வாயுறுப்புகளை வைத்து வகைப்படுத்த வேண்டும் என்பது இவருடைய பிடிவாதம். கருவேல மரத்தின் தண்டையும் வேரையும் துளைக்கிற செலோஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர் என்ற நீள்கொம்பன் இவர் 1781இல் பெயர் வைத்தது. எங்கள் கரிசல் காட்டுக்கு மாமர வண்டைவிட அது நெருங்கிய சொந்தம். அந்தக் காலத்து மாதிரிகள் இன்னமும் இருக்கின்றன. லின்னேயஸின் சேகரம் 1784இல் விலைக்குப் போய் லண்டனில் இருக்கிறது. டி யேருடையது ஸ்டாக்ஹோமில், ஃபாப்ரிஷியஸுடையது கோபன்ஹேகனில். தரங்கம்பாடி வண்டு எது என்று தீர்மானிக்க வேண்டியவன் வடக்கே போய்த்தான் பார்க்க வேண்டும் என்ற நிலைமை இப்படி ஏற்பட்டது.

இந்தியாவுக்கென்று ஒரு புத்தகம் வந்தது 1906இல். 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' என்ற பெரிய வரிசையில் வண்டுகளுக்கான முதல் தொகுதி. எழுதியவர் லண்டன் மியூசியத்தைச் சேர்ந்த சார்லஸ் ஜோசப் காஹன். நீள்கொம்பன் குடும்பம் பற்றியே அந்தத் தொகுதி. இணையத்தில் இன்று யாரும் பக்கம் புரட்டிப் பார்க்கலாம். நான் புரட்டினேன். இரட்டைக் கிளைகளாகப் பிரிந்து போகும் அதன் அடையாளத் திறவுகோல்கள் மிகச் சிறந்த உரைநடை என்று சொல்வேன். ஒரு வாக்கியம் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறது, அடுத்தது அதன் மறுபாதியைச் சொல்கிறது, வாசகன் கையிலிருக்கும் வண்டைப் பார்த்து ஏதாவது ஒரு பக்கம் போயாக வேண்டும். மழுப்ப வழியில்லை. நம் ஆட்கள் எழுதும் மதிப்புரைகளில் 'ஒருவகையில்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் பட்டோசெரா இல்லை. காஹன் எடுத்துக்கொண்டது குடும்பத்தின் ஒரு பாதியை. லாமியினே என்ற துணைக்குடும்பம், குடும்பத்திலேயே பெரியது, முகம் செங்குத்தாக இறங்கி வாய் தரையைப் பார்க்க அமைந்த வண்டுகள், அதில் வரவில்லை. லாமியினேவுக்கான தொகுதி அந்த வரிசையில் கடைசிவரை வெளிவரவே இல்லை. மாமரத்தைத் துளைப்பதும் கருவேலைத் துளைப்பதும் அந்த வராத தொகுதியைச் சேர்ந்தவை. வெளிவந்த பாதியில் விறகையும் நாற்காலியையும் அரிக்கிற ஸ்ட்ரோமேஷியம் இருக்கிறது, வட இந்தியாவின் சால் மரத்தை அழிக்கிற ஹோப்லோசெராம்பிக்ஸ் இருக்கிறது. நம் தோப்புக்காரனுடையது மட்டும் அச்சுக்கு வராமல் நின்றுவிட்டது. இதில் சதி எதுவும் இல்லை. சாம்ராஜ்யத்தின் அறிவுத் திட்டங்கள்கூட ஒரு மனிதனின் ஆயுளையும் ஓய்வு நேரத்தையும் நம்பித்தான் ஓடுகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் விளைவு விளைவுதான். ஸ்டெப்பிங் 1914இல் காட்டு வண்டுகள் பற்றி எழுதினார். அதே 1914இல் ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி எழுதினார். 1940இல் கோயம்புத்தூரின் ராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிக் கையேட்டைக் கொண்டுவந்தார். இவர்கள் யாருக்கும் லாமியினே விஷயத்தில் சாய்ந்துகொள்ள ஒரு காஹன் இல்லை.

அந்த இடத்தை ஒரு வழியாக நிரப்பியவர் ஸ்டெஃபான் ஃபான் ப்ராய்னிங். ஆஸ்திரியர், பாரிஸில் வாழ்ந்தவர், 1983இல் இறந்தார். பூச்சியியல் அவருக்கு உத்தியோகமல்ல, சொந்த ஆர்வம். (இங்கே ஒரு குமாஸ்தா விமர்சகன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தால் மன்னிக்க வேண்டும்.) உலகத்து லாமியினே முழுவதையும் தானே பார்த்துவிடுவது என்று இறங்கி, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களை உண்டாக்கினார். விவரிப்புகள் தந்தி பாஷை. படம் அபூர்வம். ஒரு புள்ளி பெரிதானால் ஒரு பெயர், ஒரு கோடு உடைந்தால் இன்னொரு பெயர். அவற்றில் பலவற்றைப் பின்வந்தவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பிரிப்பதில் அவருக்கிருந்த வேகம் சேர்ப்பதில் இல்லை என்பது என் அபிப்பிராயம். காஹனிடம் வேறுபாடு ஒரு தர்க்கம், ப்ராய்னிங்கிடம் அது ஒரு பசி. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைச் சேர்க்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பேர்போன ஒரு படத்தைப் போலவே இன்னொரு கம்பெனி அச்சடிக்கும். வால் மட்டும் மறுபக்கம் திரும்பியிருக்கும். சேகரிப்பவனுக்கு அது புது இனம். பற்றவைப்பவனுக்கு எல்லாம் ஒரே குச்சி.

பற்றவைப்பவனின் பக்கத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன திறவுகோல்கள் எல்லாம் வளர்ந்த வண்டுக்கானவை. தோப்புக்காரனின் மரத்தில் இருப்பது புழு. வண்டு பட்டையைக் கடித்துக் கீறி ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகிறது. வளர்ந்த வண்டு தின்பது இளங்கிளைகளின் பச்சைப் பட்டையை. மரத்தைச் சாகடிப்பது அதுவல்ல. காலற்ற, வெண்மஞ்சளான புழு பட்டைக்கடியில் தொடங்கி மரத்துக்குள் சுரங்கம் போகிறது. மாதக்கணக்கில், சில வேளை வருஷத்தையும் தாண்டி. கடைசியில் விரலளவு தடித்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, மழைக்காலத்தை ஒட்டி வண்டாக வெளியே வருகிறது. அதாவது, கெடுதல் நடக்கும்போது பெயருக்குரிய அடையாளம் ஒன்றும் பிறக்கவில்லை. அடையாளம் பிறக்கும்போது கெடுதல் நடந்து முடிந்துவிட்டது. லத்தீன் முதுகைப் பெயரிட்டது. தமிழ் துளையைப் பெயரிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷத்து இருட்டு.

அந்த இருட்டில் கைவிளக்கோடு போனவர்கள் டேராடூன்காரர்கள். 1906இல் அங்கே ஏற்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில், பாதிக்கப்பட்ட கட்டைகளைக் கூண்டிலிட்டு, எந்தக் கட்டையிலிருந்து எந்த வண்டு வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். பீஸனின் 1941ஆம் வருஷத்துப் பெரிய நூல் அப்படிக் காத்திருந்ததன் பலன். எந்த இனம் எந்தெந்த மரத்தில் என்று அதில் பக்கம் பக்கமாக வருகிறது. அவரோடிருந்த கார்ட்னர் புழுக்களின் தலை, தாடை, முதுகுத் தகட்டுச் சொரசொரப்பு இவற்றை வரைந்து, புழுவை வைத்தே இனத்தைச் சொல்ல முயன்றார். ஆசிய நீள்கொம்பன்களின் புழுக்களைப் பற்றி டஃபி 1968இல் லண்டனிலிருந்து ஒரு தனி நூல் வெளியிட்டார். இந்தச் சரித்திரத்தில் நான் வணங்குவது இவர்களைத்தான். பெயர் வைத்தவர்கள் முதுகைப் பார்த்தார்கள். இவர்கள் முதுகையும் உளுத்த கட்டையையும் ஒரே கூண்டுக்குள் வைத்தார்கள்.

கோப்பு விஷயமாகத் தோப்புக்குப் போனபோது அங்கிருந்த காவல்காரர் எனக்கு ஒரு வகைப்பாடு சொல்லித் தந்தார். "இதுல ரெண்டு ஜாதி சார். ஒண்ணு தூள் தள்ளும், ஒண்ணு நார் தள்ளும்." இரண்டு ஜாதி என்றதும் ரூபஸையும் ரூஃபோமாகுலாட்டாவையும் இவர் மரத்தடியிலேயே பிரித்துவிட்டார் என்று ஒரு ரொமாண்டிக் எழுத்தாளன் பரவசப்பட்டிருப்பான். விஷயம் அப்படி இல்லை. இளம்புழு பொடியாக அரைத்துத் தள்ளும்; அதே புழு பெரிதானால் நார்நாராகக் கிழித்துத் தள்ளும். அவருடைய இரண்டு ஜாதியும் ஒன்றின் இரண்டு வயது. "தூளுன்னா கம்பிய விட்டு எடுத்துரலாம். நாருன்னா ஆளு உள்ள எறங்கிட்டான்னு அர்த்தம். பஞ்ச மண்ணெண்ணெயில நனைச்சு அடைச்சு, மேல களிமண்ண அப்பணும்." அவருக்கு வேண்டிய வேறுபாடு இதுதான். அது இனத்தை வெட்டிப்போகிறது என்பதால் பொய்யாகிவிடாது. மண்வாசனைக்காரர்கள் சொல்வதுபோல அது லத்தீனைத் தோற்கடித்த ஞானமும் ஆகாது. காவல்காரர் என்றைக்கும் கேட்க வேண்டியிராத ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் புழு இங்கேயே பிறந்ததா, வேறு தேசத்துக்குப் போகக்கூடியதா? ரூஃபோமாகுலாட்டா மடகாஸ்கருக்கும் மொரீஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயிருக்கிறது. 1950களில் இஸ்ரேலின் அத்தித் தோப்புகளை நாசப்படுத்தியது. அத்திமரத்தில் புதிதாகத் துளை கண்டவனுக்கு, தூளா நாரா என்பது போதாது. எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று தெரிய, டி யேர் 1775இல் பார்த்த முதுகு வேண்டியிருக்கிறது.

இப்போது மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கிறது. 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்த யோசனை: எல்லா விலங்குகளுக்கும் பொதுவான ஒரு மரபணுத் துண்டை, ஏறக்குறைய 650 எழுத்துகள், எடுத்து ஒப்பிட்டு இனத்தைச் சொல்லிவிடுவது. வண்டின் ஒரு கால் போதும். புழுவின் ஒரு கிள்ளல் போதும். புழுவுக்கும் வண்டுக்கும் எழுத்து ஒன்றே. டேராடூன் கூண்டில் ஒரு வருஷம் காத்திருந்து பெற்ற பதிலைச் சில நாளில் பெற்றுவிடலாம். சந்தோஷமான செய்திதான். ஆனால் எழுத்துக்கோவை தன் பெயரைத் தானே சொல்லாது. முன்னதாக ஒருவர் ஒரு வண்டைக் கையில் வைத்து, இது ரூபஸ் என்று தீர்மானித்து, அதன் காலைக் கிள்ளிக் கோவையைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் பிசகினால் பின்னால் வருகிற ஆயிரம் பதில்களும் அதே பிசகைத் திருப்பிச் சொல்லும்.

இந்திய நீள்கொம்பன்களுக்கு 2017இல் ஒரு பட்டியல் வெளிவந்தது. 1,500க்குச் சற்று மேற்பட்ட இனங்கள். பட்டியலில் லாமியினேவும் சேர்த்தி. ஆனால் பட்டியல் பெயரைச் சொல்லும், இதிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது என்று சொல்லாது. அதற்கு இன்னமும் ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியோடு, கருமணிகள் சிறகுறையில் எதுவரை வந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.